ரீகாயில்னா 'பின்வாங்கல்' இல்ல, உதைப்பு

வேட்டைத் துப்பாக்கி பத்தி தமிழ்ல எதத் திறந்தாலும், சுட்டதும் துப்பாக்கி பின்னால வந்து இடிக்குற ரீகாயில 'பின்வாங்கல்'னு மாத்தி, 'பின்வாங்கலைக் கையாளுதல்'னு போட்டிருக்காங்க, படிக்கப் படிக்க எரிச்சலா வருது. படை பின்வாங்கும், வாக்கு குடுத்தவன் பின்வாங்குவான். சுட்டதும் தோள்ல வந்து மொத்துற துப்பாக்கி எங்க பின்வாங்குது?

ரீகாயில் பழைய பிரெஞ்சுல இருந்து வந்த சொல், அடியில இருக்கறது பின்புறத்தக் குறிக்கிற லத்தீன் 'கூலுஸ்'. ஒரு காலத்துல படை பின்வாங்குறதுக்கும் இதையேதான் சொன்னாங்க. அந்தப் பழைய பொருள எடுத்து இன்னைக்கு துப்பாக்கிக்கு ஒட்டுனா எப்படி? வேட்டைக்காரங்க இங்கிலீஷ்லயே 'கிக்'னுதான் சொல்றாங்க, நம்மளும் துப்பாக்கி உதைக்குதுன்னுதான் பேசுறோம். உதைப்பு, எழுத்துல வேணும்னா பின்னுதைப்பு, முடிஞ்சுது.

'எதிர்வினை'ன்னு ஒரு கூட்டம் சொல்லுது. அது நியூட்டன் விதியோட பேரு, தோட்டாவும் வாயுவும் முன்னால பாயுறதால துப்பாக்கி ஏன் பின்னால வருதுங்கற காரணம், தோள்ல விழுற அடிக்குப் பேரு இல்ல.

பின்வாங்கல்ல இருக்கற பெரிய கோளாறு வேற. உதைப்புக்குப் பயந்து, ட்ரிக்கர இழுக்கும்போதே கண்ண மூடி தோள சுருக்கிக்கிறாங்கல்ல, ஃபிளிஞ்ச், உண்மையில பின்வாங்குற ஆள் அவன்தான். உதைப்பு வெடி வெடிக்கறதோட வர்றது, இந்த மிரட்சி அதுக்கு முன்னாடியே வந்துடுது, குறி தப்புறதும் காயம்பட்ட மிருகம் காட்டுக்குள்ள ஓடிப்போறதும் பல நேரம் இதனாலதான். பயிற்சியில சுடுறவருக்குத் தெரியாம நடுவுல ஒரு டம்மி தோட்டாவப் போட்டுவிடுவாங்க, வெடிக்காது, ஆனா குழல் முனை டக்குனு கீழ குனியும், மிரட்சி அப்பட்டமா தெரிஞ்சிடும். ரெண்டையும் ஒரே சொல்லுல அடைச்சா இத எப்படி விளக்குவீங்க?

ஸ்வீடன்ல மூஸ்ங்கற பெரிய மான் வேட்டைக்கு 1890கள்ல ராணுவத்துக்கு வந்த 6.5×55 தோட்டாவ இன்னைக்கும் தூக்கிட்டுப் போறாங்க, உதைப்பு கம்மி, மிரளாம சுடலாம். அமெரிக்காவோட .30-06 தோட்டா அதவிட நல்லாவே உதைக்கும். இங்கயெல்லாம் 'பின்வாங்கல் குறைவு'ன்னு மாத்திப் படிச்சுப் பாருங்க, என்ன புரியுது?

துப்பாக்கியத் தொட்டவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்காமலே மொழிபெயர்க்கறாங்க போல. துப்பாக்கி மேல குறி பாக்க மாட்டுற தொலைநோக்கி, அந்த ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் விட வேண்டிய மூணு நாலு இன்ச் தூரத்த, அந்த 'ஐ ரிலீஃப்'ப, 'கண் நிவாரணம்'னு எழுதி வச்சிருக்காங்க. கண் இடைவெளின்னு எழுதுங்க, படிக்கறவன் தலையத் தள்ளி வச்சுக்குவான், உதைக்கும்போது ஸ்கோப் விளிம்பு புருவத்தக் கிழிக்காது.