பெட்ரோல் கார் ‘தடை’: யாருக்கு?

‘2035 முதல் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்குத் தடை’ என்று தலைப்புப் போடுகிறார்கள். தமிழக–கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கம் பழைய கார் வாங்க விற்க வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, “அப்போ நாளைக்கு நம்ம வண்டியும் ஓடாதுங்களா?” என்று கேட்கிறார்கள். கேட்பவர்மீது பிழையில்லை. தலைப்புதான் பிழை.

எடு – எடை, விடு – விடை போலத் தடு – தடை. வழிமறிப்பதுதான் அடிப்படைப் பொருள். அதனால் ‘கார் தடை’ என்றதும் தமிழ்க் காதுக்கு ஓட்டத் தடையாகத்தான் கேட்கும். டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டியும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அது தடை.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய விதி வண்டி ஓட்டுபவரைத் தொடவே இல்லை. ஒரு நிறுவனம் விற்கும் புதுக் கார்களின் சராசரிக் கரிப்புகை (கார்பன் டை ஆக்சைடு), 2021 அளவிலிருந்து 2030இல் 55 சதவீதமும் 2035இல் முழுவதும் குறைய வேண்டும் என்றது. வரம்பு மீறினால் கிலோமீட்டருக்குக் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். 1 லட்சம் கார் விற்ற நிறுவனம் 10 கிராம் தாண்டினால் 9.5 கோடி யூரோ கட்ட வேண்டும். பிரிட்டனில் வேறு கணக்கு: விற்கும் புதுக் கார்களில் புகையில்லாதவை 2024இல் 22 சதவீதம், 2025இல் 28 சதவீதம் இருக்க வேண்டும். புது எஞ்சினுக்குப் போட்ட முதல் திரும்பப் பல ஆண்டு ஆகும். முடிகிற ஆண்டு தெரிந்துவிட்டால் அந்த முதலைப் போட யார் துணிவார்? பணம் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் போகிறது. கடிவாளம் தொழிற்சாலைக்குத்தான், சாலைக்கு இல்லை. நார்வேயில் பெட்ரோல் கார் விற்பனையை நிறுத்தும் சொந்தச் சட்டமே கிடையாது. 2025க்குள் புதுக் காரெல்லாம் புகையில்லாதவையாக வேண்டும் என்பது அங்கே வெறும் இலக்கு. மின்சாரக் காருக்கு 25 சதவீத மதிப்புக் கூட்டு வரியை விலக்கியே ஆட்களை இழுத்தார்கள். அதையும் ‘தடை’ என்றே எழுதினார்கள்.

‘தடை’ என்ற சொல் வேண்டாம் என்பவர்கள் ஆங்கில ‘phase-out’ஐப் பெயர்த்துக் கொண்டுவரும் ‘படிப்படியான வெளியேற்றம்’ இன்னும் மோசம். அதே கட்டுரையில் ‘கார்பன் வெளியேற்றம்’ என்றும் வரும். ‘பெட்ரோல் கார்களின் படிப்படியான வெளியேற்றம்’ என்றால் புகையா, காரா? ‘கட்டம் கட்டமாக நீக்கல்’ என்பது எல்லையோரத்தில் மலையாளச் செய்தியின் ‘கட்டம் கட்டமாயி’யைக் கேட்டுப் பழகிய காதுக்கு இயல்பாகத்தான் இருக்கும். ஆனால் பொள்ளாச்சி தாண்டினால் ‘கட்டம் கட்டுவது’ கட்சியிலிருந்து ஆளைத் தூக்குவது. ‘படிநிறுத்தம்’ என்று சுருக்கினால் அரசு ஊழியர் பஞ்சப்படி நின்றுவிட்டதாகப் பதறுவார். ‘விலக்கு’ மதுவிலக்கில் தடுக்கிறது, வரிவிலக்கில் சலுகை தருகிறது. நார்வேச் செய்தியில் இரண்டும் மோதும். ‘phase’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், நிலா தோன்றும் கோலங்களைக் குறித்த கிரேக்கச் சொல். அதை வைத்து ‘தேய்பிறை’ என்று சொல் கட்டுவது அழகுதான். ஆர்டிஓ அலுவலக வாசலில் அது புரியுமா?

புதுச்சொல்லே தேவையில்லை. ‘புதிய பெட்ரோல் கார் விற்பனை நிறுத்தம்’ என்று எழுதினால் போதும். ‘புதிய’, ‘விற்பனை’ இரண்டில் ஒன்றை விட்டாலும் செய்தி பொய்யாகிவிடும். இடத்தை மிச்சம் பிடிக்க முதலில் வெட்டப்படுவதும் அவைதான். பிரிட்டனில் ஆண்டுதோறும் ஏறும் சதவீதத்துக்கு ‘விற்பனைப் பங்கு விதி’ பொருந்தும். மொழிபெயர்ப்பாளர்கள் விதியைப் படிக்காமல் தலைப்பை மட்டும் பெயர்க்கிறார்கள். யார் எதைச் செய்யக்கூடாது என்ற கேள்விக்கு விடை தெரியாமல் எந்தச் சொல்லைப் போட்டாலும் தவறாகத்தான் விழும்.

நம்மூர் வண்டிக்கு வருவோம். இந்தியாவில் நாடு முழுக்கப் பெட்ரோல் கார் விற்பனையை நிறுத்தும் சட்டம் இல்லை. சொந்தக் காரின் பதிவுச் சான்று (ஆர்சி) 15 ஆண்டு செல்லும். பிறகு படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். தமிழ்நாட்டுப் பதிவு வண்டியைப் பாலக்காட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருப்பதானால், படிவம் 28இல் பழைய ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று (என்ஓசி) வாங்கிக் கேரளப் பதிவெண்ணுக்கு மாற்றியாக வேண்டும். இந்தக் காகிதம் இல்லாவிட்டால் வண்டி மாட்டலாம்.