214 கோடியில் முட்டி நின்ற டேபிள்

டேட்டாபேஸ் பராமரிக்கிறவர்களுக்கு 2147483647 மனப்பாடமாக இருக்க வேண்டும். எனக்கு அது மனப்பாடமானது ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு. வாடிக்கையாளர் ஒருவரின் ஆர்டர் டேபிளில் புது ரெக்கார்டு ஒன்றுகூட ஏறவில்லை. டிஸ்க்கில் இடம் இருக்கிறது, சர்வரும் ஓடுகிறது. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் மட்டும் '2147483647 ஏற்கெனவே இருக்கிறது' என்று ஒரே பிழையைத் திரும்பத் திரும்பக் காட்டியது. ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் தானாக ஏறும் வரிசை எண்தான் ஐடி. அந்த ஃபீல்டு சாதாரண இன்ட், அதாவது முழு எண் வகை. அதற்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது.

இன்ட் என்றால் 32 பிட், அதாவது 0 அல்லது 1 போட 32 இடம். அதில் ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்டிலும் 1 போட்டால் வருவது இந்த எண்; அதாவது 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. கணிதக்காரர்களுக்கு இது நெடுநாள் பழகிய எண். இது பகா எண் என்று 1772-லேயே கணித மேதை ஆய்லர் காட்டிவிட்டார், கைக்கணக்காக. வர்க்கமூலம் 46340-ஐத் தாண்டுகிறது. அதுவரை உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்ப்பதென்றால் விடிந்துவிடும். இதை வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63தான் வர முடியும் என்று கண்டுபிடித்து, அவற்றை மட்டும் சோதித்தார். எதுவும் வகுக்கவில்லை.

சரி, டேபிளுக்கு வருவோம். அதில் அன்றைக்கு 90 கோடி ரெக்கார்டுகூட இல்லை. அழித்த ரெக்கார்டின் ஐடி திரும்பி வராது. பாதியில் ரத்தான ஆர்டரும் ஒரு ஐடியைத் தின்றுவிட்டுத்தான் போகும். நான் மாதாமாதம் பார்த்தது எண்ணிக்கையை. பார்த்திருக்க வேண்டியது கடைசி ஐடியை. நாளுக்கு 15 லட்சம் ஐடி செலவானால் நாலு வருஷத்துக்குள் கதை முடிந்துவிடும்.

தீர்வு பிக்இன்ட், அதாவது 64 பிட் முழு எண். அதன் எல்லை 9223372036854775807 (இது பகா எண் இல்லை, 7-ஆலேயே வகுபடும்). ஐடியை மாற்றிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். காலையில் இன்வாய்ஸ் டேபிள் நின்றது. அங்கே ஆர்டர் எண்ணை ஃபாரின் கீ (இரண்டு டேபிள்களை இணைக்கும் கட்டு) போடாமல் வெறும் இன்ட்டாக வைத்திருந்தார்கள். ஆகவே அந்த ஐடி போய் உட்காரும் ஒவ்வொரு டேபிளையும், ஒவ்வொரு புரோகிராமையும் முதலில் தேடிவிடுங்கள்.

தேதியிலும் இதே எண் காத்திருக்கிறது. 1970 ஜனவரி 1-இலிருந்து விநாடிகளை 32 பிட்டில் எண்ணும் கணக்கு, 2038 ஜனவரி 19 அன்று நம் நேரப்படி காலை 8:44:07-க்கு நிரம்பும். அடுத்த விநாடி குறி பிட் புரண்டு 1901-க்குப் போய்விடும். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்பார்கள். 20 வருஷ வீட்டுக் கடன் போடும் மென்பொருளுக்கு அந்த நாள் ஏற்கெனவே வந்தாயிற்று. கடைசித் தவணைத் தேதியை இதே 2038 எல்லை உள்ள மைஎஸ்க்யூஎல் டைம்ஸ்டாம்ப் ஃபீல்டில் வைத்திருந்தால், அதை அந்த எல்லை இல்லாத டேட்டைம் வகைக்கு மாற்றும் வேலையை இந்த வாரமே எடுங்கள்.