நுரையீரல் தமனி இரத்தக்கட்டி அறுவைச் சிகிச்சை: பிரித்தானியாவில் யாருக்கு, எந்த வழியில் கிடைக்கும்?

நுரையீரல் தமனியை இரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால், பெரும்பாலானோருக்கு உறைவுத் தடுப்பு மருந்திலேயே அது படிப்படியாகக் கரைந்துவிடும். சிலருக்கு மட்டும் அது கரையாமல், தமனியின் உட்சுவரோடு ஒட்டித் தழும்பாக இறுகி, இதயத்தின் வலப்பக்கத்தை நாளடைவில் நலிவடையச் செய்கிறது. இவர்களுக்குரிய பல்மனரி எண்டார்டெரெக்டமி என்னும் அறுவைச் சிகிச்சை, ஐக்கிய இராச்சியம் முழுவதற்கும் கேம்பிரிட்ஜில் உள்ள ராயல் பாப்வர்த் மருத்துவமனையில் மட்டுமே செய்யப்படுகிறது. தகுதியுள்ள நோயாளியிடம் இதற்குக் கட்டணம் கேட்கப்படுவதில்லை.

ஒரே இடத்தில் வைத்திருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. மார்பெலும்பைத் திறந்து, இதய–நுரையீரல் இயந்திரத்தில் நோயாளியை இணைத்து, உடலை ஏறத்தாழ 20 பாகை செல்சியஸுக்குக் குளிர்வித்த பின், இரத்தோட்டத்தையே ஒரு தடவைக்குச் சுமார் 20 நிமிடங்கள் நிறுத்திவைத்து, தழும்பைத் தமனியின் உள்படலத்தோடு சேர்த்து உரித்தெடுக்க வேண்டும். எப்போதோ ஒருமுறை செய்து பழகக்கூடிய வேலையன்று இது.

நோயாளி நேரடியாக அங்கே போய்ப் பதிவு செய்ய முடியாது. குறைந்தது மூன்று மாதம் மருந்து எடுத்த பிறகும் படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றால், அதை ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடமோ மருத்துவமனை மருத்துவரிடமோ சொல்லி, நுரையீரலில் காற்றும் இரத்தமும் சேரும் விதத்தைக் காட்டும் வி/கியூ ஸ்கேனும், இதயத்தின் ஒலி அலைப் படமான எக்கோவும் தேவையா என்று கேட்க வேண்டும். என் பார்வையில், பலர் தவறவிடும் படி இதுதான். மூச்சிரைப்பை வயதின் மேலும் உடற்பருமனின் மேலும் போட்டுவிடுவது எளிது. சந்தேகம் உறுதிப்பட்டால் லண்டன், ஷெஃபீல்ட், நியூகாசில் போன்ற இடங்களிலுள்ள நுரையீரல் இரத்த அழுத்தச் சிறப்பு மையம் ஒன்றுக்கு அனுப்புவார்கள். அறுவை ஏற்றதா என்பதைப் பாப்வர்த்தின் பல்துறைக் குழு படங்களைப் பார்த்து முடிவு செய்யும். அறுவை பொருந்தாதவர்களுக்கு, தமனியைப் பலூனால் விரிக்கும் சிகிச்சையும், நுரையீரல் தமனியின் அழுத்தத்தைக் குறைக்கும் ரியோசிகுவாட் மாத்திரையும் உள்ளன.

நாட்டில் முறையாக வசிப்பவர்களும், விசாவோடு குடிவரவுச் சுகாதாரக் கட்டணம் செலுத்தியவர்களும் தகுதியுடையவர்கள். பிள்ளைகளைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வருகை விசாவில் வரும் பெற்றோரின் நிலை வேறு: இங்கிலாந்தில் அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம், ஆனால் வார்டில் அனுமதித்த பிறகு பொதுவாக அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். விலையின் 150 சதவீதம் அறவிடப்படும். உடனடியாகத் தேவைப்படும் சிகிச்சையைப் பணம் இல்லை என்பதற்காக மறுக்க முடியாது, எனினும் பில் பின்னால் வந்து சேரும். திட்டமிட்டுச் செய்யும் அறுவைக்கோ முன்பணமே கேட்பார்கள் என்பதால், பயணக் காப்புறுதி எடுக்காமல் அழைப்பது பெரிய துணிச்சல்.

அறுவைக்குப் பின்னும் உறைவுத் தடுப்பு மருந்து வாழ்நாள் முழுதும் தேவை. ஆனால் அதனாலேயே அது இலவசமாகிவிடாது. இங்கிலாந்தில் 2024 மே முதல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு கட்டணம். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அது இல்லை, ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் யாருக்கும் இல்லை. இங்கிலாந்தில் குறைந்த வருமானமுடையோர் கேம்பிரிட்ஜ் போய்வந்த செலவைச் சுகாதாரப் பயணச் செலவுத் திட்டத்தில் மூன்று மாதத்துக்குள் கோரலாம். துணைக்கு ஆள் அவசியம் என்று மருத்துவர் சொன்னால் அவருடைய செலவும் சேரும், வார்டில் பார்க்க வருபவர்களின் செலவு சேராது.