புற்றுநோய் முன்பரிசோதனை ஆய்வாளரின் மேற்கோள் எண்ணிக்கை நமக்கு எதைச் சொல்கிறது?

மும்பையில் நோய்த்தடுப்புப் பிரிவில் பணியாற்றும் என்னிடம் மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பகுதிகளிலிருந்து வரும் தமிழ்க் குடும்பங்களில், படித்த பிள்ளைகள் அண்மைக்காலமாக ஓர் ஆய்வாளரின் இணையப் பக்கத்தைக் கைப்பேசியில் காட்டி, "இவருடைய கட்டுரைகளைப் பல்லாயிரம் பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் டாக்டர், இவர் சொல்கிற டெஸ்டை அம்மாவுக்குச் செய்துவிடலாமா?" என்று கேட்கிறார்கள். தாயின் நலனில் அக்கறை கொண்ட இக்கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த எண் எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதை நம்பி முடிவெடுப்பது சரியன்று.

ஒரு கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையில் எத்தனை முறை குறிப்பிட்டிருக்கிறார்கள் என்பதே மேற்கோள் எண்ணிக்கை. 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த எச் இன்டெக்ஸ் இதிலிருந்து பெறப்படுவதுதான். குறைந்தது 40 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் ஒருவருக்கு 40 இருந்தால் அவருடைய எச் இன்டெக்ஸ் 40 ஆகும். பாராட்டிக் குறிப்பிட்டாலும் மறுத்துக் குறிப்பிட்டாலும் கணக்கில் ஒன்றுதான் கூடும். உலகில் எத்தனை பேருக்குப் புற்றுநோய் வருகிறது என்று தொகுத்துச் சொல்லும் புள்ளிவிவரக் கட்டுரைகளைப் புற்றுநோய் பற்றி எழுதுவோர் பலரும் முதல் வரியிலேயே சுட்டுவதால், அவை மிகப் பெரும் எண்ணிக்கையைப் பெறுகின்றன. ஒரு முன்பரிசோதனை உயிரைக் காக்கிறதா என்று காண்பதற்கோ பல்லாயிரம் பெண்களைப் பத்து, பதினைந்து ஆண்டுகள் பின்தொடர வேண்டும். அத்தனை ஆண்டு உழைப்பின் முதன்மை முடிவு பெரும்பாலும் ஒரே கட்டுரையில் அடங்கிவிடும்.

நோய்க்குறியே இல்லாதவர்களுக்குச் செய்யும் இத்தகைய முன்பரிசோதனையில் எளிதாக ஏமாறத்தக்க ஓர் இடம் உண்டு. ஒரு பெண்ணுக்கு 57 வயதில் அறிகுறி தோன்றிப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, 60 வயதில் அவர் இறக்கிறார் என்று கொள்வோம். அதே நோயை 52 வயதிலேயே கண்டுபிடித்தும் அவர் 60 வயதில்தான் இறப்பார் என்றால், நோய் தெரிந்த பின் வாழ்ந்த காலம் 3 ஆண்டிலிருந்து 8 ஆண்டாக உயர்ந்ததாகக் கணக்குக் காட்டும். உண்மையில் அவருடைய ஆயுள் ஒரு நாள்கூடக் கூடவில்லை. தென்கொரியாவில் அறிகுறி இல்லாதோருக்கும் தைராய்டு ஸ்கேன் பரவலானபோது, 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய்க் கண்டறிதல் ஏறத்தாழ 15 மடங்கானது. அந்நோயால் ஏற்பட்ட இறப்பு குறையவில்லை. ஆகவே ஒரு முன்பரிசோதனை ஆய்வை எடுத்துக்கொண்டால் நான் முதலில் தேடுவது, எவ்வளவு நோய் கண்டுபிடிக்கப்பட்டது என்பதை அன்று, இறப்பு குறைந்ததா என்பதைத்தான்.

அந்த வகையில் மும்பைவாசிகள் அறிந்திருக்க வேண்டிய ஆய்வு இந்நகரத்தின் குடிசைப் பகுதிகளிலேயே நடந்தது. டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய அந்த ஆய்வில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள் இடம்பெற்றனர். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, வெண்மையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்த்துச் சொன்னார்கள். சுரேந்திர சாஸ்திரி குழுவினர் 2014இல் வெளியிட்ட 12 ஆண்டு முடிவின்படி, பரிசோதிக்கப்பட்ட குழுவில் கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு 31 சதவீதம் குறைந்தது. ஒப்பீட்டுக் குழுவுக்கு விழிப்புணர்வு மட்டும் அளித்தது நெறியாகுமா என்ற கடுமையான கேள்வியும் எழுந்தது. அது கேட்கப்பட வேண்டிய கேள்வியே. இதே பெண்களிடம், பயிற்சி பெற்ற பணியாளர்கள் கையால் தொட்டுப் பார்க்கும் மார்பகப் பரிசோதனையும் நடத்தப்பட்டது. 2021இல் வெளியான 20 ஆண்டு முடிவில், 50 வயதைக் கடந்தோரிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழான வயதினரிடம் அத்தகைய பயன் காணப்படவில்லை.

ஓர் ஆய்வாளரின் தகுதியை எனக்கு உணர்த்தியது வேறொரு செய்தி. ஆர். சங்கரநாராயணன் தலைமையில் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வு, அதே அமிலப் பரிசோதனையால் இறப்பு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் தெரிவித்தது. இரண்டே ஆண்டில், மராட்டியத்தின் உஸ்மானாபாத்தில் அவரே முன்னின்று நடத்திய ஆய்வு, அமிலப் பரிசோதனைக் குழுவில் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்றும், கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸைக் கண்டறிய ஒரே ஒரு முறை செய்த பரிசோதனை இறப்பை ஏறத்தாழப் பாதியாக்கியது என்றும் அறிவித்தது. தாம் முன்பு ஆதரித்த முறைக்கு எதிரான முடிவையும் மறைக்காமல் முன்வைத்த அந்த நேர்மை எந்தக் குறியீட்டிலும் பதிவாவதில்லை. 2021இல் உலக சுகாதார நிறுவனம் எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையை முதன்மை முறையாகப் பரிந்துரைத்தது.

இவ்வளவு ஆய்வு நம் நாட்டிலேயே நடந்திருந்தும், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையான இந்தியப் பெண்களில் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 2 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. தாராவியில் பேசும்போது, "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே டாக்டரம்மா, எதுக்கு டெஸ்ட்?" என்று அக்காமார் கேட்பது வழக்கம். தொந்தரவு இல்லாதபோது செய்வதால்தான் அது பயன்படுகிறது என்று ஒவ்வொரு முறையும் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது. அரசின் வழிகாட்டுதல் 30 முதல் 65 வயது வரையானோருக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றுக்கும் முன்பரிசோதனையைப் பரிந்துரைக்கிறது.

மும்பை ஆய்விலேயே, மாறுதல் தெரிந்த பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் உறுதிப்படுத்தும் அடுத்த பரிசோதனைக்கு வரவில்லை. எனவே முகாமுக்குச் செல்லும்போது, முடிவு எப்போது வரும், மாறுதல் இருந்தால் எந்த மருத்துவமனையில், யாரைப் பார்க்க வேண்டும் என்பதை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று தள்ளிப்போடாதீர்கள். மாதவிடாய் நின்ற பின்னோ உடலுறவுக்குப் பின்னோ உதிரப்போக்கு இருப்பவர்கள் எந்த முகாமுக்காகவும் காத்திராமல், உடனே மகப்பேறு மற்றும் பெண்கள்நல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.