லாச்சப்பல் என்பது முகவரி அல்ல

வட்டாரம் மாறி வரிசையில் நின்று திரும்பி வந்த கதை, இந்த மாதத்தில் இது மூன்றாவது. போன செவ்வாய் ஒரு தங்கச்சி கைக்குழந்தையோடு வந்தார். மூத்த பிள்ளையைப் பள்ளியில் பதியவேண்டும். பாரிஸ் 10ஆம் வட்டார நகரசபையில் காலை முழுக்க வரிசையில் நின்றிருக்கிறார். "நீங்கள் 18" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "அண்ணை, நான் லாச்சப்பல்தானே, லாச்சப்பல் 10தானே?" என்றார். கண் கலங்கியிருந்தது.

பாரிஸில் நம்மவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதுதான் என் வேலை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

லாச்சப்பல் என்று நாம் சொல்வது மெட்ரோவைச் சுற்றியுள்ள நம் கடைத்தெருக்களை. அது நம் பேச்சுவழக்கு, அவ்வளவுதான். உண்மையான லா ஷப்பல் ஒருகாலத்தில் தனி ஊர். 1860இல் பாரிஸோடு சேர்ந்தது. அப்போதிருந்து நகரத்துக்கு 20 வட்டாரம், வட்டாரத்துக்கு 4 கார்த்தியே, அதாவது உட்பகுதி, மொத்தம் 80. அரசாங்கக் கணக்கில் லா ஷப்பல் 72ஆவது கார்த்தியே, 18ஆம் வட்டாரத்தில். நாம் மரக்கறி வாங்கும் பெர்தோனே தெரு அதில் இல்லவே இல்லை! அது 10ஆம் வட்டாரம், கார்த்தியேயின் பெயரும் வேறு. நடுவில் மெட்ரோ ஓடும் புல்வார், அந்த அகலச் சாலைதான் எல்லை. மாணிக்க விநாயகர் கோயில் இருக்கும் பாஜோல் தெரு 18. பிலிப் து ஜிரார் தெருவோ புல்வாரைக் கடந்து இரண்டு வட்டாரத்திலும் நீள்கிறது. தங்கச்சியின் வீடு அந்தத் தெருவில்தான், புல்வாருக்கு வடக்கே.

பிறப்புப் பதிவு இன்னொரு கணக்கு. நீங்கள் 18இல் குடியிருந்தாலும், பிள்ளை லாரிபுவாசியேர் ஆஸ்பத்திரியில் பிறந்தால் பதிவு 10இல்தான். 5 நாளுக்குள்.

படிவத்தில் 'கார்த்தியே பிரியோரித்தேர்', அதாவது முன்னுரிமைப் பகுதியா என்று கேட்டால் பயப்படாதீர்கள். வருமானத்தை வைத்து அரசு வரைந்த எல்லை அது. உதவி கூடுதலாகக் கிடைப்பதற்கு. வெட்கப்பட்டு 'இல்லை' என்று போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் வீட்டுப் பக்கத்துத் தெருமுனையில் நீலப் பலகையை நிமிர்ந்து பாருங்கள். தெருப்பெயருக்கு மேலே சின்னதாக வட்டார எண் இருக்கும். ஒரே தெருவானாலும் முனைக்கு முனை பாருங்கள். அப்புறம் கரண்ட் பில்லில் உள்ள தபால் எண்: 75010 என்றால் 10, 75018 என்றால் 18. கடைக்கார அண்ணை சொன்னதை எழுதாதீர்கள். எந்தப் பள்ளி என்பதையும் தெருவும் வீட்டு இலக்கமும்தான் தீர்மானிக்கும், அதனால் இலக்கத்தைச் சரியாக எழுதுங்கள். தாய்மாரே, வரிசைக்குப் போகுமுன் முதல்நாள் இரவே அந்த பில்லை எடுத்து மேசையில் வையுங்கள்.