ஆறு முறைதான், ஆனால் பரிதி ஆறு ஆரம் இல்லை

கணக்கு ஆசிரியர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்: "வட்டம் வரைந்த அதே அளவில் கவராயத்தை வைத்துப் பரிதியில் வெட்டிக்கொண்டே போனால், ஆறாவது வெட்டு தொடங்கிய புள்ளியிலேயே வந்து விழுகிறது. அப்படியானால் பரிதி 6 ஆரம்தானே, 2π எதற்கு என்று ஒரு மாணவி கேட்கிறாள். என்ன சொல்ல?"

முதலில் அந்த மாணவியைத் தட்டிக்கொடுங்கள். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது. கையால் வெட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் வரும்.

ஏன் ஆறு என்பது எளிது. அடுத்தடுத்த இரண்டு வெட்டுகளையும் மையத்தையும் இணைத்தால் மூன்று பக்கமும் ஆரமாக உள்ள முக்கோணம். சமபக்க முக்கோணம், எனவே மையத்தில் 60°. 360°-இல் ஆறு 60° அடங்கும். வட்டம் ஆறு சம பாகமாகிவிட்டது.

சரி, பரிதிக்கு வருவோம். கவராயத்தின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் உள்ள தூரம் நேரான தூரம். அது அளப்பது நாணை. பரிதியோ வில்லின் வழியாகப் போகிறது. இந்தப் பெயர்களே விஷயத்தைச் சொல்லிவிடுகின்றன: இழுத்துக் கட்டிய நாணைவிட, வளைந்த வில் எப்போதும் நீளம்தான்.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டலாம். அட்டையில் 10 செ.மீ. ஆரமுள்ள வட்டம் வரைந்து ஆறு வெட்டுகளையும் போடுங்கள். அப்புறம் 10 செ.மீ. நீளத்தில் ஆறு நூல் துண்டுகள். முதல் துண்டைப் பரிதிக் கோட்டின் மேலேயே, நகத்தால் நீவிக்கொண்டே ஒட்டுங்கள். நூலை இழுத்துவிட்டால் அது நாணாகிவிடும்! ஒட்டி முடித்ததும் பாருங்கள், நூலின் நுனி முதல் வெட்டுக்கு அரை செ.மீ. முன்பே நின்றுவிடும். இரண்டாவது நூல் கிட்டத்தட்ட ஒரு செ.மீ. பின்தங்கும். ஆறும் ஒட்டி முடியும்போது, கவராயம் வீடு சேர்ந்த இடத்துக்கு நூல் போய்ச் சேராமல் 2.8 செ.மீ. இடைவெளி மிஞ்சும். பரிதி 62.8 செ.மீ. என்பதில் உள்ள அந்த 2.8 இதுதான். இதைக் கண்ணால் பார்த்த குழந்தைக்கு 2π ஒரு மந்திர எண்ணாகத் தெரியாது. சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி, எண்களைப் போட்டு விடை காணச் சொல்லிப் பாடத்தைத் தொடங்குவது எனக்குச் சற்றும் பிடிக்காத வழக்கம்.

இந்த இடைவெளியைத்தான் 2,200 ஆண்டுகளுக்கு முன் ஆர்க்கிமிடீஸ் துரத்தினார். ஒவ்வொரு வில்லையும் பாதியாக்கினால் 12 நாண்கள். நம் வட்டத்தில் அவற்றின் மொத்த நீளம் 62.1 செ.மீ. 24 ஆக்கினால் 62.65. இப்படியே 96 பக்கம் வரை போய், வட்டத்துக்கு வெளியிலும் 96 பக்க உருவத்தை வரைந்து, π-யின் மதிப்பு 3 10/71-க்கும் 3 1/7-க்கும் இடையில் இருக்கிறது என்று நிறுவினார். தொடக்கம் அந்த மாணவி வெட்டிய அதே அறுகோணம்.

நூல் ஒட்டிய அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு நூலின் இரு நுனிகளையும் மையத்தோடு இணையுங்கள். அங்கே உண்டாகும் கோணம் 60° இல்லை, ஏறக்குறைய 57.3°. மேல் வகுப்பில் ரேடியன் என்று வரப்போவது இதுதான். வில்லின் நீளமும் ஆரமும் சமமாக இருக்கும் கோணம்.

இனி, அந்த நூலும் இரண்டு ஆரங்களும் சேர்ந்து அடைக்கும் வட்டக்கோணப்பகுதியின் பரப்பு. அதை மையத்திலிருந்து மெல்லிய கீற்றுகளாக வெட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கீற்றும் கிட்டத்தட்ட ஒரு முக்கோணம். அடிப்பக்கம் வில்லின் ஒரு துணுக்கு, உயரம் ஆரம். எல்லாவற்றையும் கூட்டினால் பாதி × வில் × ஆரம், அதாவது 50 ச.செ.மீ. முழு வட்டத்தில் இப்படி 6.28 பகுதிகள். பெருக்கினால் 314 ச.செ.மீ. அதே மாணவியை πr²-இலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.