இரு கட்சிகளும் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டிய எண்

அமெரிக்காவில் தொண்டு அமைப்புகளுக்குக் கணக்குத் தணிக்கை செய்வது என் வேலை. முதியோரை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது போன்ற சேவைகளை, மாநில அரசின் ஒப்பந்தப் பணத்தில் நடத்துகிறவர்கள் அவர்கள். மாநில பட்ஜெட் தள்ளிப்போன ஒரு வருடம், அப்படியொரு சின்ன அமைப்பின் பேரேட்டைப் பிரித்தேன். அரசிடமிருந்து வரவேண்டிய தொகை, எத்தனை நாள் பாக்கி என்று காட்டும் கட்டங்களில் 30 நாள், 60 நாள் என்று நகர்ந்து, பெரும்பகுதி 180 நாளைத் தாண்டிய கட்டத்தில் நின்றது. சம்பளத்துக்கு வங்கியில் கடன். அந்த வட்டியை ஒப்பந்தப்படி யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

இதன் பெரிய உருவத்தை இல்லினாய் மாநிலத்தில் நாடே பார்த்தது. ஆளுநர் குடியரசுக் கட்சி, சட்டமன்றப் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சி. 2015 ஜூலை 1 முதல் 736 நாட்கள் முழு பட்ஜெட் இல்லை. கட்டாத பில்கள் சுமார் 1,500 கோடி டாலர். தாமதமான பல பில்களுக்கு மாதம் 1 சதவீத வட்டி வேறு. 2017 ஜூலை 6 அன்று, வரி உயர்வு மசோதாவுக்கு ஆளுநர் போட்ட வீட்டோவை (தடையை) முறியடிக்கக் கீழவையில் 71 ஓட்டு தேவைப்பட்டது. விழுந்ததும் சரியாக 71தான். ஜனநாயகக் கட்சியின் மொத்த பலமே 67; அதிலும் ஆதரித்தது 61 பேர்தான். குடியரசுக் கட்சியின் பத்துப் பேர் சேர்ந்ததால்தான் அது முடிந்தது. சொந்தக் கட்சி ஆளுநருக்கு எதிராக, வரி உயர்வுக்கு ஓட்டுப் போடுவது சாதாரண விஷயமில்லை. அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் ஒத்துழைப்பை அவ்வளவு தூரம் இழுத்துவிடக் கூடாது. அது வருமான மதிப்பீட்டிலேயே தொடங்க வேண்டும். மிச்சிகனில் ஜனவரியிலும் மே மாதத்திலும் ஆளுநர் தரப்பும் சட்டமன்றத்தின் இரு அவைகளுக்கும் உள்ள நிதி ஆய்வு அமைப்புகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து, வரி வருமானம் இவ்வளவு என்று ஒரே எண்ணை முடிவு செய்கிறார்கள். அங்கும் சண்டை உண்டு. 2007-இல் சில மணி நேரம் அரசே முடங்கியது. ஆனாலும் எவ்வளவு வரும் என்பது தீர்ந்துவிட்டால், எதற்குச் செலவழிப்பது என்ற சண்டை மட்டும்தான் மிச்சம். அப்புறம் பேரம் பேச முடியும்.

அமைப்பு நடத்துகிறவர்களுக்கு ஒன்று: பெரும்பாலான மாநிலங்களில் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. வங்கியில் கடன் வசதி கேட்பதானால் மே மாதமே கேளுங்கள். பாக்கி ஏறிய பேரேட்டோடு செப்டம்பரில் போனால், மேலாளர் முதலில் பார்ப்பது அந்த 180 நாள் கட்டத்தைத்தான்.